எழுதுகோலும் ஊதியமும்: செய்தித் தொழிலாளர் உரிமை வரலாறு

அறிவைப் பரப்பும் தொழில்களுள் இதழியல் தலையாயது என்பர். அரசின் குறையை எடுத்துரைப்பதும், ஊரின் துயரை நாடறியச் செய்வதும், வாயற்ற மக்களுக்கு வாயாக நிற்பதும் அதன் கடமைகள் என்று மேடைதோறும் பேசப்படுகிறது. ஆனால் அத்தொழிலைச் செய்வோர் மாத முடிவில் என்ன பெறுகிறார், நாளைக்கும் அவருக்கு அந்த வேலை உண்டா என்னும் வினாக்களை மேடைகள் எழுப்புவதில்லை. எழுத்தைப் போற்றுவோம்; எழுதுவோரின் அடுப்பைப் பற்றிக் கேட்கமாட்டோம். இது நெடுநாளைய வழக்கம்.

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், பட்டம் பெற்ற நம் இளைஞர்களுள் பலர் ஆசிரியப் பணி, அரசுப் பணி, மருத்துவம், பொறியியல் ஆகிய துறைகளுக்குச் சென்றுள்ளனர். நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி, திரைப்படம் ஆகிய துறைகளுக்குச் சென்றோர் மிகச் சிலரே. இதற்கு ஆர்வமின்மை காரணமன்று, திறமையின்மையும் காரணமன்று. அத்துறைகளில் ஊதியம் எவ்வாறு வரையறுக்கப்பட்டது, எவ்வாறு மறுக்கப்பட்டது என்னும் வரலாற்றை அறிந்தால் காரணம் தானே விளங்கும். அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரின் முதல் செய்தியாளர்

அச்சு இயந்திரம் வருவதற்கு முன்னும் ஊர்களில் செய்தி பரவிற்று. அரசாணை வந்தால் தெருத்தெருவாகத் தமுக்கடித்து அறிவித்தவர் யார்? ஓர் ஊரில் இறப்பு நேர்ந்தால் இருளென்றும் மழையென்றும் பாராமல் பல கல் தொலைவு நடந்து உறவினர்க்குச் சேதி சொன்னவர் யார்? திருவிழாவையும் இழவையும் பறையோசையால் ஊருக்கு உணர்த்தியவர் யார்? நம் முன்னோரே. தமிழ்நாட்டு ஊர்களின் முதல் செய்தியாளரும் முதல் இசைத் தொழிலாளரும் அவர்களே என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆயின் அவர்கள் செய்த வேலைக்குக் கூலி என்று ஒன்று பேசப்பட்டதில்லை. களத்துமேட்டில் அளந்து போட்ட சிறிது நெல், சாவு வீட்டில் கொடுத்த பழைய துணி, சில காசு ஆகியவற்றோடு கணக்கு முடிந்தது. இதனை ஊதியம் என்று சொல்லுதல் தகாது. ஊதியம் என்பது இரு தரப்பினரும் பேசி ஒத்துக்கொள்வது. வேண்டாம் என்று மறுக்கும் உரிமையை உள்ளடக்கியது. இங்கோ பிறப்பே பணி நியமனமாக இருந்தது. மறுத்தவர் அடியும் ஊர்விலக்கும் பெற்றனர். ஆகவேதான் இருபதாம் நூற்றாண்டில் பல ஊர்களில் நம் மக்கள் சாவுக்குப் பறையடிக்க மறுத்து நின்றதை வெறும் கலை மறுப்பாகக் கருதலாகாது. அது கட்டாய வேலைக்கு எதிரான தொழிலாளர் போராட்டம்.

தமுக்கடித்து அறிவிக்கும் வழக்கம் அண்மைக் காலம் வரை நீடித்தது. 2022 ஆகஸ்டில்தான் அதனைக் கைவிடுமாறு தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். இதற்கு மாறாக, தன் விருப்பத்தோடு, பேசிய கூலிக்கு, தன் கலையாகப் பறையை இசைக்கும் கலைஞர்கள் இன்று எழுந்துள்ளனர். பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் 2025இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கருவி ஒன்றே, கட்டாயத்தின் கீழ் ஒலித்தபோது அது இழிவாகக் கருதப்பட்டது, உரிமையோடு ஒலிக்கும்போது கலையாக மதிக்கப்படுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது மறுக்கும் உரிமையும் நியாயமான கூலியுமே ஆகும்.

முன்னோர் நடத்திய ஏடுகள்

செய்தி அச்சில் ஏறியபோது நம் பெரியோர் அதனின்றும் ஒதுங்கி நிற்கவில்லை. 1869இல் தோன்றிய ‘சூரியோதயம்’ முதல் 1943இல் வெளிவந்த ‘உதயசூரியன்’ வரை ஒடுக்கப்பட்டோர் நடத்திய தமிழ் இதழ்களின் நெடிய வரிசையை ஆய்வாளர் ஜெ. பாலசுப்பிரமணியம் தொகுத்துக் காட்டியுள்ளார். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்னும் பெயரிலேயே இதழ் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே ஏட்டின் தலைப்பாக்கிய துணிவு எண்ணத்தக்கது. பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அது ‘தமிழன்’ எனப் பெயர் மாறிற்று. 1914இல் அவர் மறையும் வரை அவ்விதழ் வரலாறு, சமயம், மருத்துவம், அரசியல் எனப் பல பொருள்களைப் பேசிற்று. கோலார் தங்கவயலில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்கள் அதற்குப் பெருந்துணையாக நின்றனர்.

இவ்வேடுகளை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். ஆயினும் ஒன்றை மறந்துவிடுகிறோம். அவற்றை நடத்தியோர் எழுதிப் பொருள் ஈட்டியவரல்லர். ஈட்டிய பொருளை எழுத்தில் இட்டவர். சந்தா வந்தால் இதழ் வரும், வராவிடில் நிற்கும். நடத்தியவர் மறைந்தால் ஏடும் உடன் மறையும் அல்லது தளரும். பெருந்தனக்காரரின் விளம்பரமும் வணிகரின் முதலும் நம் ஏடுகளை நாடி வரவில்லை. எனவே எழுதுவதையே தொழிலாகக் கொண்டு அதனால் குடும்பம் நடத்தும் ஒரு தலைமுறை நம்மிடையே உருவாக வழியில்லாமற் போயிற்று.

மராத்திய நாட்டிலும் நிலை இதுவே. அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கியபோது, கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் நன்கொடை அளித்தார். கட்டணம் பெற்றுக்கொண்டு விளம்பரம் வெளியிடக்கூட அந்நாளைய புகழ்பெற்ற ‘கேசரி’ இதழ் இசையவில்லை. ‘மூக்நாயக்’ நெடுநாள் நிலைக்கவில்லை. 1927இல் ‘பகிஷ்கிருத் பாரத்’ தொடங்கப்பட்டது. அதன் பத்திகளில் பெரும்பகுதியை அண்ணலே எழுதி நிரப்ப வேண்டியிருந்தது. 1929இல் அதுவும் நின்றது. 1930இல் ‘ஜனதா’ பிறந்தது. பாரிஸ்டர் பட்டமும் முனைவர் பட்டங்களும் பெற்ற ஒரு பேரறிஞர், துணையாசிரியர் வேலை முதல் தலையங்கம் வரை தாமே சுமந்தார் என்றால், ஊதியம் கொடுத்து ஆள் அமர்த்த இயலாத ஏட்டின் நிலைமை எத்தகையது என்பதை உய்த்துணரலாம்.

இதே அண்ணல்தான் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அமர்ந்தார். 1943இல் தொழிற்சங்கங்களுக்குக் கட்டாய ஏற்பு அளிப்பதற்கான திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்னும் வரம்பு 1946இல் சட்டமாயிற்று. அதே ஆண்டில் அவர் காலத்தில் முன்மொழியப்பட்ட குறைந்தபட்சக் கூலி மசோதா 1948இல் நிறைவேறிற்று. வாழ்வதற்கேற்ற ஊதியத்தைத் தொழிலாளர் அனைவர்க்கும் உறுதிசெய்ய அரசு முயலவேண்டும் என்று அரசியலமைப்பின் 43ஆம் பிரிவு கூறுகிறது. எழுத்துரிமையையும் கூலியுரிமையையும் ஒருவரே தம் வாழ்நாளில் ஒருங்கே தூக்கிப் பிடித்தார் என்பது நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தியாகும்.

தொண்டு தொழிலாயிற்று

விடுதலைக்கு முன் இதழ்ப்பணி நாட்டுத் தொண்டாகக் கருதப்பட்டது. சிறை செல்லத் துணிந்தோர் அதில் ஈடுபட்டனர். குறைந்த ஊதியத்தையும் தியாகமாக ஏற்றனர். விடுதலைக்குப் பின் இதழ்கள் முதலீட்டுத் தொழிலாக வளர்ந்தன. விளம்பர வருவாய் பெருகிற்று. புதிய இயந்திரங்கள் வந்தன. ஆனால் தியாகம் என்னும் பழைய சொல் மட்டும் ஊழியர்க்காக மிச்சம் வைக்கப்பட்டது. இலாபம் முதலாளிக்கு, தியாகம் துணையாசிரியர்க்கு என்பது அந்நாளைய பங்கீடு.

இந்நிலையில் 1950 அக்டோபர் 28 அன்று இந்திய உழைக்கும் பத்திரிகையாளர் சம்மேளனம் புதுதில்லியில் அமைக்கப்பட்டது. புகழ்பெற்ற ஆசிரியர் எம். சலபதி ராவ் அதன் முதல் தலைவரானார். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் ‘தொழிலாளி’ என்னும் சொல் உடலுழைப்பாளரையும் எழுத்தரையும் கருதியே வரையறுக்கப்பட்டிருந்தது. ஆகவே செய்தியாளர் வேலையிலிருந்து நீக்கப்பட்டால் தொழில் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட இயலாது. ‘நான் தொழிலாளி’ என்று சொல்லும் உரிமையே அவர்கள் முதலில் பெறவேண்டிய உரிமையாயிற்று. அறிவாளி என்னும் பட்டத்தைச் சற்று இறக்கி வைத்துவிட்டு, அச்சுக் கோப்போரோடும் இயந்திரம் ஓட்டுவோரோடும் ஒரே வரிசையில் நிற்க அவர்கள் முன்வந்தது பெரிய மனமாற்றமாகும்.

1952இல் நீதிபதி ஜி.எஸ். இராஜாத்யக்ஷா தலைமையில் முதல் பத்திரிகை ஆணையம் அமைக்கப்பட்டது. 1954இல் அது அறிக்கை அளித்தது. அன்று நாட்டில் 330 நாளிதழ்கள் இருந்தன. அவற்றின் மொத்த விற்பனை சுமார் 25 இலட்சம் படிகள். வளர்ந்துவரும் இத்தொழிலில் ஊழியர் நிலைமை சீர்கெட்டிருப்பதை ஆணையம் எடுத்துக்காட்டி, சட்டப் பாதுகாப்பு வேண்டுமென்று பரிந்துரைத்தது.

1955ஆம் ஆண்டுச் சட்டம்

அப்பரிந்துரையின் பயனாக 1955 டிசம்பரில் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் கூறுகளை நம் இளைஞர்கள் அறிந்திருப்பது நலம்.

ஆசிரியர், தலையங்கம் எழுதுபவர், செய்தி ஆசிரியர், துணையாசிரியர், செய்தியாளர், நிருபர், கேலிச்சித்திரக்காரர், செய்திப் புகைப்படக்காரர், மெய்ப்புத் திருத்துபவர் எனப் பலரும் அச்சட்டத்தின்படி ‘உழைக்கும் பத்திரிகையாளர்’ ஆயினர். ஆட்குறைப்புச் செய்ய வேண்டுமாயின் ஆசிரியர்க்கு ஆறு மாதமும் ஏனையோர்க்கு மூன்று மாதமும் முன்னறிவிப்புத் தரவேண்டும். தொடர்ந்த நான்கு வாரங்களில் 144 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது. வாரத்துக்கு ஒரு முழு நாள் ஓய்வு உண்டு. பணிபுரிந்த காலத்தில் பதினொன்றில் ஒரு பங்கு ஈட்டிய விடுப்பாகக் கிடைக்கும். பணிக்கொடை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊதியத்தை வரையறுக்க முத்தரப்பு ஊதியக் குழு அமைக்கும் அதிகாரம் அரசுக்கு அளிக்கப்பட்டது. 1974இல் செய்யப்பட்ட திருத்தத்தால் செய்தியாளரல்லாத ஏனைய இதழ் ஊழியரும் ஊதியக் குழுவின் வரம்புக்குள் வந்தனர்.

நீதிபதி எச்.வி. திவாதியா தலைமையில் 1956இல் அமைந்த முதல் ஊதியக் குழு 1957இல் தன் முடிவை அறிவித்தது. உடனே நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் சென்றன. ஊதியத்தை அரசு வரையறுப்பது பத்திரிகைச் சுதந்திரத்தைப் பறிப்பதாகும் என்பது அவர்கள் வாதங்களுள் ஒன்று. 1958 மார்ச் 19 அன்று தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் சட்டத்தைப் பொதுவில் செல்லும் என்றே ஏற்றது. ஊழியர்க்கு நியாயமான ஊதியம் வழங்கச் சொல்வது பத்திரிகைச் சுதந்திரத்துக்கு முரணாகாது என்றது. ஆனால் மூன்று ஆண்டுப் பணிக்குப்பின் தாமே விலகுவோர்க்கும் பணிக்கொடை தரும் விதியைத் தள்ளிற்று. நிறுவனங்களின் கொடுக்கும் திறனை முறையாக ஆராயவில்லை என்று கூறி ஊதியக் குழுவின் முடிவையும் செல்லாதென்றது. அதே ஆண்டிலேயே நாடாளுமன்றம் ஊதிய நிர்ணயத்துக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, இதனை ஓரளவு சரிசெய்தது.

இத்தீர்ப்பில் நமக்கு ஒரு பாடம் உண்டு. ‘சுதந்திரம்’ என்னும் சொல்லை யார், யாருக்காகப் பயன்படுத்துகிறார் என்று எப்போதும் கேட்க வேண்டும். முதலாளியின் சுதந்திரமும் எழுதுபவரின் சுதந்திரமும் ஒன்றல்ல. நாளைக்கு வேலை இருக்குமோ என்று அஞ்சுபவர் எழுதும் செய்தியில் சுதந்திரம் எங்கே இருக்கும்?

காகிதத்தில் உயர்ந்த ஊதியம்

திவாதியாவுக்குப் பின் ஷிண்டே குழு 1963இல் அமைந்து 1967இல் பரிந்துரைத்தது. அடுத்து பாலேக்கர் தீர்ப்பாயத்தின் பரிந்துரை 1980இல் வந்தது. பச்சாவத் குழு 1989இலும் மணிசானா குழு 2000இலும் தம் பணியை முடித்தன. ஆறாவதாக, நீதிபதி ஜி.ஆர். மஜீதியா தலைமையிலான குழு 2010 இறுதியில் அறிக்கை அளித்தது. 2011 நவம்பர் 11 அன்று அரசு அதனை அறிவிக்கை செய்தது.

ஒவ்வொரு முறையும் ஒரே காட்சி திரும்பிற்று. குழு பரிந்துரைக்கும், நிறுவனங்கள் வழக்குத் தொடுக்கும், ஆண்டுகள் கழியும், விலைவாசி முந்திச் செல்லும். மஜீதியா பரிந்துரையை எதிர்த்த வழக்கில், ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு 2014 பிப்ரவரி 7 அன்று ஊழியர் பக்கம் தீர்ப்பளித்தது. 2011 முதலான நிலுவையை ஓராண்டுக்குள் நான்கு தவணைகளில் தரவேண்டுமென ஆணையிட்டது.

தீர்ப்பு வந்தது, பணம் வந்ததா? பல நிறுவனங்கள் ‘பழைய ஊதியமே எங்களுக்குப் போதும்’ என்று ஊழியரிடம் கையெழுத்துப் பெற்று வைத்திருந்தன. வேறு பல, ஊழியரை ஒப்பந்தப் பணியாளராக மாற்றி, ஊதியக் குழு உங்களுக்குப் பொருந்தாது என்றன. நீதிமன்ற அவமதிப்பு வழக்குகள் குவிந்தன. 2017 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம், ஒப்பந்தப் பணியாளர்க்கும் பரிந்துரை பொருந்தும் என்றும், குறைந்த ஊதியத்துக்கு இசைந்து கையெழுத்திட்டதைக் காட்டித் தப்ப இயலாதென்றும் தெளிவாக்கிற்று. ஆயினும் நிறுவனங்கள் வேண்டுமென்றே அவமதிக்கவில்லை என்று கூறித் தண்டிக்க மறுத்தது. நிலுவை வேண்டுவோர் சட்டப்படி உரிய தொழிலாளர் அதிகாரியை அணுகவேண்டும் என்றது. வேலையில் இருந்துகொண்டே நிறுவனத்தின்மேல் மனுக் கொடுக்கத் துணிபவர் எத்தனை பேர்? சட்டம் கொடுத்ததை அச்சம் திரும்ப வாங்கிக்கொண்டது.

திரையின் பின்னே நிற்போர்

திரைப்படத் துறையிலும் வரலாறு வேறன்று. தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தை உருவாக்குவதில் ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷும் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனும் முன்னின்றனர். நட்சத்திரங்களின் ஊதியம் ஊரறிந்தது. விளக்குத் தூக்குபவர், தளம் அமைப்பவர், துணை நடிகர், குழு நடனமாடுபவர் ஆகியோரின் கூலியோ பலரும் அறியாதது. 1981இல் இயற்றப்பட்ட திரைப்படத் தொழிலாளர் சட்டம், எழுத்துவடிவ ஒப்பந்தமின்றி எவரையும் வேலைக்கு அமர்த்தலாகாது என்று விதித்தது. ஆயினும் மலையாளத் திரையுலகை ஆராய்ந்து ஹேமா குழு அளித்து, 2024 ஆகஸ்டில் வெளியிடப்பட்ட அறிக்கை, ஒப்பந்தமின்மையையும் துணை நடிகர் படும் இழிவையும் பெண்கள் படும் கொடுமைகளையும் விரித்துரைத்தது. சட்டம் வந்து 43 ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைமை அது!

பாட்டு எழுதுவோர்க்கும் இசையமைப்போர்க்கும் வேறொரு சிக்கல் நேர்ந்தது. கூலிக்கு அமர்த்தி எழுதச் செய்த பாட்டின் உரிமை, ஒப்பந்தம் வேறு சொல்லாதவரை, படத் தயாரிப்பாளரையே சேரும் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும்போது கிடைக்கும் உரிமைத் தொகையில் படைத்தோர்க்குரிய பங்கை விட்டுக்கொடுக்க இயலாதவாறு காப்புச் செய்யப்பட்டது. கூடி நின்று கேட்டதால் வந்த பயன் இது.

பெயர்ப்பலகை இல்லாத தடை

இனி நம் வினாவுக்கு வருவோம். இவ்வுரிமைப் போராட்டங்களுக்கும் நம் சமுதாயத்துக்கும் என்ன தொடர்பு?

1996இல் வெளிநாட்டுச் செய்தியாளர் ஒருவர், கருத்துக் கேட்பதற்காகத் தலித் பத்திரிகையாளர் ஒருவரை அறிமுகம் செய்யுமாறு பி.என். உனியால் என்னும் மூத்த இதழாளரிடம் கேட்டார். உனியாலுக்கு ஒருவர் பெயரும் நினைவில் வரவில்லை. நடுவணரசின் அங்கீகாரம் பெற்ற 686 செய்தியாளர் பட்டியலை எடுத்துப் பார்த்தார். சாதிப் பெயரைத் தாங்கிய 454 பேருள் தலித் எவருமில்லை. எஞ்சிய 232 பேருள் 47 பேரைத் தேர்ந்து விசாரித்தார், அவர்களுள்ளும் ஒருவருமில்லை. அவ்வாண்டு நவம்பர் 16 அன்று ‘பயனீர்’ நாளிதழில் இதனை அவர் எழுதினார். 2006இல் தில்லியில் 37 செய்தி நிறுவனங்களின் 315 உயர் பொறுப்பாளரைக் கணக்கெடுத்தபோது, அவர்களிடையே தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் ஒருவர்கூட இல்லை. 2019இல் வெளியான மற்றோர் ஆய்வில் 121 தலைமைப் பொறுப்புகளுள் 106 உயர் சாதியினர் வசமிருந்தன; தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் அப்போதும் ஓரிடமும் இல்லை.

சாதி நோக்கே இதன் முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்நோக்கம் எந்த வழியாகச் செயற்படுகிறது? ‘உங்களுக்கு இடமில்லை’ என்று எந்த நிறுவனமும் பலகை எழுதி மாட்டவில்லை. பலகை தேவையுமில்லை. முதல் ஆறு மாதம் பயிற்சி என்னும் பெயரால் சம்பளம் இல்லை அல்லது பெயரளவில் உண்டு. அடுத்து ஓராண்டு ஒப்பந்தம். அதன்பின் என்னவாகும் என்று எவரும் சொல்லார். நகரில் அறை வாடகையும் உணவும் பேருந்துக் கட்டணமும் கைக்காசு. வீட்டில் நிலமும் சேமிப்பும் உள்ள இளைஞர் இக்காலத்தைக் கடந்துவிடுவார். முதல் மாதச் சம்பளத்திலேயே தங்கையின் கல்லூரிக் கட்டணத்தையும் தந்தையின் மருந்துச் செலவையும் பார்க்கவேண்டிய நம் இளைஞர் எவ்வாறு கடப்பார்? திறமை குறைந்து அவர் வெளியேறவில்லை. பணம் தீர்ந்து வெளியேறுகிறார். வந்தது வரட்டும் என்று வேறு வேலைக்குச் செல்கிறார். ‘உங்கள் பிள்ளைகள் இத்துறைக்கு வருவதில்லையே’ என்று பிறகு நம்மையே கேட்கின்றனர்.

குறைந்த ஊதியம் எல்லார்க்கும் துன்பம் தரும். ஆனால் எல்லார்க்கும் ஒரே அளவாகத் தராது. வசதியுள்ளவர்க்கு அது காத்திருக்கும் காலம்; வசதியற்றவர்க்கு அது மூடிய கதவு.

கதவைக் கடந்து உள்ளே சென்றவர்க்கும் இடர் உண்டு. வன்கொடுமை எங்கே நிகழ்கிறது? பெரும்பாலும் சிற்றூரில். அச்செய்தி முதலில் யாருடைய கையில் உருப்பெறுகிறது? வட்டத் தலைநகரில் இருக்கும் பகுதிநேர நிருபரிடம். அவர்க்கு முறையான சம்பளம் அரிது. அச்சேறிய செய்திக்கேற்ற சிறுதொகையும் விளம்பரம் பிடித்துத் தந்தால் தரகும் கிடைக்கும். விளம்பரம் கொடுக்க வல்லவர் அவ்வூர்ப் பெரிய மனிதர். எவர்மீது செய்தி எழுதவேண்டுமோ அவரே நிருபரின் வருவாய்க்கும் வழியாக இருந்தால் எழுதுகோல் எப்படி நிமிர்ந்து நிற்கும்? கொடுமை ‘இரு தரப்பு மோதல்’ ஆகிவிடுவதற்குச் சாதிப் பற்று மட்டுமின்றி இவ்வருவாய் முறையும் துணைபோகிறது.

மாற்று வழியும் உண்டென்பதற்கு ஒரு சான்று கூறலாம். உத்தரப் பிரதேசத்துச் சித்திரகூட மாவட்டத்தில் 2002இல் தொடங்கிய ‘கபர் லஹரியா’ என்னும் ஏட்டை ஊரகப் பெண்களே நடத்திவருகின்றனர். அவர்களுள் தலித் பெண்கள் பலர். செய்தி சேகரிப்பது அவர்கட்குப் பயிற்சியோடு கூடிய தொழிலாயிற்று. பிற்காலத்தில் அவர்கள் கைப்பேசி வழியே காணொளிச் செய்திக்கு மாறினர். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2022இல் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. தொழிலாக ஏற்று வாய்ப்பளித்தால் நம் மகளிர் எவர்க்கும் பின்தங்கியவரல்லர் என்பதை அவர்கள் மெய்ப்பித்தனர்.

இன்றைய நிலை

2020இல் கொரோனாத் தொற்றுக் காலத்தில் செய்தி நிறுவனங்கள் பல ஆட்குறைப்பும் ஊதிய வெட்டும் செய்தன. ஒப்பந்தத்தில் இருந்தோரே முதலில் வெளியேற்றப்பட்டனர். பின்னர், 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. 1955, 1958ஆம் ஆண்டுகளின் பத்திரிகையாளர் சட்டங்கள் அவற்றுள் அடங்கி நீங்கின. புதிய தொகுப்பில் மின்னணு ஊடகத்திலும் எண்ணியல் ஊடகத்திலும் பணிபுரிவோரும் ‘உழைக்கும் பத்திரிகையாளர்’ என ஏற்கப்பட்டுள்ளனர். பணி நியமனக் கடிதம் தருவது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இவை வரவேற்கத்தக்கன. ஆனால் ஆறு முறை அமைந்த முத்தரப்பு ஊதியக் குழு முறை பழைய வடிவில் இதில் தொடரவில்லை. குறித்த காலப் பணி என்னும் முறைக்குச் சட்ட இடமும் கிடைத்துள்ளது. வந்ததையும் போனதையும் சீர்தூக்கிப் பார்க்கும் பொறுப்பு இத்துறையில் நுழையும் இளைஞர்க்கு உண்டு.

இளைஞர்க்குச் சில சொற்கள்

இளைஞர்களே! இத்துறைக்கு வாராதீர் என்று இவ்வரலாறு கூறவில்லை. விழிப்போடு வாருங்கள் என்று கூறுகிறது. பணியில் சேரும் நாளில் நியமனக் கடிதத்தைக் கேட்டுப் பெறுங்கள். சம்பளச் சீட்டையும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கு எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். படிக்காத தாளிலும் வெற்றுத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். உங்கள் பெயரில் வெளிவந்த எழுத்து, படம், ஒலிப்பதிவு ஆகியவற்றின் படியையும் நாளையும் குறித்து வையுங்கள். ஒருநாள் அவையே உங்கள் சான்றாகும். தொழிற்சங்கத்தில் உறுப்பினராகுங்கள். சங்கத்தில் நம் குரல் கேட்கப்படவில்லையாயின் அதற்குள் நின்று கேட்கச் செய்யுங்கள். நம்மிடையே சட்டம் பயில்வோர் சிலராவது தொழிலாளர் சட்டத்தில் தேர்ச்சி பெறுதல் வேண்டும்.

நம் கழகத்துக்கும் ஒரு வேண்டுகோள். உயர்கல்விக்கு உதவித்தொகை வழங்குகிறோம், நன்று. படிப்பு முடிந்து இதழியலிலோ திரைத்துறையிலோ கால் வைக்கும் பிள்ளைகளுக்கு முதல் ஆறு மாத அறை வாடகையையும் உணவுச் செலவையும் கடனாகவேனும் வழங்க ஒரு நிதி அமைக்கலாகாதா? நம் பிள்ளைகள் தோற்பது தேர்விலன்று, அந்த ஆறு மாதத்தில்தான். பண்டிதர் காலத்தில் தங்கவயல் தொழிலாளர் தம் வியர்வைக் காசால் ஓர் ஏட்டைத் தாங்கினர். இன்று பணியில் இருக்கும் நாம், நம் பிள்ளைகளுள் ஆண்டுக்கு இருவரையேனும் தாங்க இயலாதவர்களா?

ஊருக்குச் சேதி சொன்ன நம் முன்னோர் தம் சேதியைச் சொல்ல இயலாமல் மறைந்தனர். சொன்ன சேதிக்குக் கூலியும் பெற்றாரில்லை. அவர் பேரப்பிள்ளைகள் சேதியையும் சொல்லவேண்டும்; அதற்குரிய ஊதியத்தையும் தலை நிமிர்ந்து பெறவேண்டும். அதற்கு வேண்டிய படிப்பைக் கடந்த 25 ஆண்டுகளில் இக்கழகம் தந்துள்ளது. படித்த கைக்கு வேலையும் வேலைக்கேற்ற ஊதியமும் பெற்றுத் தருவதே வரும் 25 ஆண்டுகளின் பணியாகட்டும்.